மழை பெய்தால் முதலாளி, பெய்யாவிட்டால் கொடும்பாவி

1

இந்த ஆடியோடு நான் மலேசியாவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. ஆடி பிறந்தால் புதுப்பெண்ணை அம்மா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு போவதுதான் நம் துறையூர்ப் பக்கத்து வழக்கம். என்னை ஆடியில்தான் விமானம் ஏற்றிவிட்டார்கள். விசா கொடுக்கிறவனுக்கு ஆடியும் ஒன்றுதான், ஆவணியும் ஒன்றுதான்.

வந்து இறங்கிய வாரமே எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் திருவிழா. அம்மா வீட்டு ஞாபகத்தில் அழுது வீங்கிய முகத்தோடு ரதத்தின் முன்னால் நின்றேன். அதே மஞ்சள், அதே வேப்பிலை. இவள் இருக்கிற இடத்தில் எனக்கென்ன பயம் என்று அன்றைக்கே மனசு ஆறிவிட்டது. அம்மனைப் பற்றி எனக்கு இன்றுவரை ஒரு குறையும் இல்லை. என் குறையெல்லாம் அவள் ரதத்துக்குப் பின்னால் நடக்கிற கூட்டத்தைப் பற்றித்தான்.

எங்கள் இடம் கோல சிலாங்கூரிலிருந்து உள்ளே தள்ளி, எண்ணெய் எடுக்கிற செம்பனைக் காட்டை ஒட்டி இருக்கிறது. தோட்டத்து லயங்களை இடித்துவிட்டு, அதற்குப் பதிலாகக் கட்டிக் கொடுத்த வரிசை வீடுகள். தாமான் என்பார்கள். மின்மினிப் பூச்சி பார்க்க வருகிற வெளியூர்க்காரர்கள் ஆற்றோடு திரும்பிவிடுவார்கள். எங்களைப் பார்க்க யாருக்கும் டிக்கெட் கிடையாது.

இந்த வருடத் திருவிழாக் கூட்டத்தில் கோயில் தலைவர் குணசேகரன் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இந்த வருஷம் ரதம் மூணாவது லோரோங்குக்குள்ள போகாது. போலீஸ் பெர்மிட்டுல அந்த ரோட்டை எடுத்தாச்சு. நேரா பெரிய ரோட்டுலேயே போய்த் திரும்பிடும்."

லோரோங் என்றால் சந்து. மூன்றாவது சந்தின் கோடியில் ஒரே ஒரு பெரிய வீடு. அது யார் வீடு என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். ஏன் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கை தட்டினார்கள். அம்மன் சன்னதிக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு, அவள் ஒரு வீட்டு வாசலுக்குப் போகக்கூடாது என்பதற்குக் கை தட்டினார்கள்.

2

அந்த வீட்டுக்காரர் பெயர் வேலுச்சாமி. யாரும் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் 'தவுக்கே'. சீனர்களிடமிருந்து வந்த சொல். முதலாளி என்று அர்த்தம். எனக்கு அது தெரியாத முதல் வருடம், தவுக்கே பேருக்கு ஒரு அர்ச்சனை செய்துவிட்டு வா என்று என் வீட்டுக்காரர் அனுப்பினார். குருக்கள் பெயர் கேட்டார். "தவுக்கேங்க. நட்சத்திரம் தெரியாது" என்றேன். குருக்கள் சிரித்துக்கொண்டே அந்தப் பெயருக்கே அர்ச்சனை செய்து பிரசாதம் கொடுத்தார். அதைச் சொல்லிச் சொல்லி இன்னும் என்னைக் கிண்டல் செய்கிறார்கள்.

ஒரு லோரியில் செம்பனைக் குலை ஏற்ற ஆரம்பித்தவர் தவுக்கே. பிறகு தொழிற்சாலைகளுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள் வாங்கினார். கொரோனா வந்தது. உலகமே முடங்கிக் கிடந்தபோது எங்கள் பக்கத்துக் கையுறைத் தொழிற்சாலைகள் இரவு பகலாக ஓடின. தவுக்கேயின் பஸ்களும் ஓடின. தாமானில் வீட்டுக்கு ஒரு புது மோட்டார் சைக்கிள் வந்தது.

அப்போது என் பக்கத்து வீட்டுப் பார்வதி சொன்னது எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம் இருக்கிறது. "அண்ணி, அவரு தொட்டதெல்லாம் துலங்குதுன்னா சும்மாவா? போன பொறப்புல செஞ்ச புண்ணியம். அம்மா பார்த்துக் குடுத்த காசு லா அது!"

ரதம் கோயில் வாசலில் நின்ற நேரத்தைவிட அவர் வீட்டு வாசலில் நின்ற நேரம் அதிகம். பரிவட்டம் அவருக்கு, முதல் மாலை அவருக்கு. அவரும் அம்மன் தன்னைத்தான் பார்க்க வந்தாள் என்பதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நிற்பார். வாசலில் பந்தல் போட்டுச் சாப்பாடு. வடை பாயசத்தோடு. வாங்கிக்கொண்டு போய் வீட்டில் வைத்துவிட்டு மறுபடி வரிசையில் நின்றவர்கள் உண்டு. அவருடைய புதுக் காருக்குப் பூசை போட்ட அன்று, அந்தச் சந்தனத்தைத் தொட்டுத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டவள் இதே பார்வதி.

அப்புறம் உலகத்துக்குக் கையுறை போதும் என்று ஆகிவிட்டது. தொழிற்சாலைகள் ஒவ்வொரு வரிசையாக இயந்திரத்தை நிறுத்தின. பஸ்ஸில் ஏற ஆள் இல்லை. தவுக்கே டிரைவர்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பாதியில் என் வீட்டுக்காரரும் ஒருவர். இருபது வருடம் அவருக்கு ஓட்டியவர். அதே மாதம் தவுக்கே தன் மகன் கல்யாணத்தைக் கோலாலம்பூரில் பெரிய ஓட்டலில் நடத்தினார். வேலை போனவர்களுக்கும் பத்திரிகை அனுப்பினார்! என் வீட்டுக்காரர் போனார், மொய் வைத்தார், சாப்பிடாமல் திரும்பி வந்தார். அன்றிலிருந்து அந்த மனிதரின் பெயரை அவர் வாயால் சொல்லவில்லை. இப்போது ஜெராமில் மீன் ஏற்றுகிற லோரி ஓட்டுகிறார். சுங்கை செம்பிலாங்கில் படகு வரும் நேரத்துக்கு எழுந்து போகவேண்டும். சட்டையில் மீன் வாடை எத்தனை துவைத்தாலும் போவதில்லை.

ஆகவே வேலுச்சாமி உத்தமர் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. அவர் மேல் கோபப்பட இந்தத் தாமானில் யாருக்காவது உரிமை இருந்தால் அதில் எங்கள் வீடும் உண்டு.

கல்யாணம் முடிந்து சில மாதத்தில் அவர் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். வலது கை, வலது கால், பேச்சு மூன்றும் போயின. ஆஸ்பத்திரி அப்படிச் சொன்னது. தாமான் வேறு மாதிரி சொன்னது.

"நடிப்பு அண்ணி," என்றாள் பார்வதி. "வேலை போனவங்க வாசல்ல வந்து நிப்பாங்கன்னு படுத்துக்கிட்டாரு. நம்ம ரத்தத்தைக் குடிச்ச காசு. வயித்துல தங்குமா?"

அம்மா கொடுத்த காசு எந்த வாரம் ரத்தம் குடித்த காசாக மாறியது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டை. அவள் வீட்டுக் கறிவேப்பிலைதான் என் குழம்புக்கு.

3

இந்த முகங்களை நான் இதற்கு முன்னால் பார்த்திருக்கிறேன்.

நான் ஏழாவது படிக்கும்போது எங்கள் ஊரில் மழை இல்லை. ஏரி வெடித்துக் கிடந்தது. கொடும்பாவி கட்டி இழுக்கலாம் என்று ஊர் கூடிப் பேசினார்கள். தெரியாத இளையவர்களுக்காகச் சொல்கிறேன்: ஊரில் யாரோ ஒரு மகா பாவி இருப்பதால்தான் வானம் பொய்த்தது என்று, வைக்கோலால் ஒரு ஆள் செய்து, கயிறு கட்டித் தெருத் தெருவாக இழுப்பார்கள். பெண்கள் மாரடித்து அழுவார்கள். கடைசியில் ஏரிக்குள் கொண்டுபோய்க் கொளுத்துவார்கள்.

வைக்கோல் ஆளுக்கு யாருடைய முகமும் இருக்கக்கூடாது என்பது முறை. அந்த வருடம் எவனோ அதன் தோளில் அரக்குக் கரை போட்ட துண்டைப் போட்டான். இன்னொருவன் உடைந்த மூக்குக் கண்ணாடியை மாட்டினான். எங்கள் ஊரில் அந்த மாதிரித் துண்டும் கண்ணாடியும் போட்டவர் ஒருவர்தான், அரிசி மில்லுக்காரர். மில் புகை மேகத்தைக் கலைக்கிறது என்று ஊரில் பேச்சு. ஊரே சிரித்துக்கொண்டு அவர் வாசல் வழியாகவே இழுத்துப் போனது. இதில் வேடிக்கை, வைக்கோலும் அவர் களத்திலிருந்து கேட்டு வாங்கியதுதான்.

அடுத்த வருடம் மழை கொட்டியது. மில் ராத்திரியும் ஓடியது. என் சித்தப்பா கல்யாணத்துக்கு முதல் தாம்பூலம் யாருக்கு என்று நினைக்கிறீர்கள்? அரக்குக் கரைத் துண்டுக்குத்தான். கயிறு பிடித்து இழுத்தவர்களே தட்டோடு போய் நின்றார்கள். அவரும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார். அவருக்கும் வெட்கம் இல்லை.

கையில் காசு புரளும்போது பக்கத்து வீட்டுக்காரன் பணம் அவன் செய்த புண்ணியம். கை காய்ந்தால் அதே பணம் நம்மிடமிருந்து பிடுங்கியது. பணம் என்னவோ அவன் பெட்டியில்தான் இருக்கிறது, மழைக்கு முன்னும் பின்னும். எட்டாவதோடு நிறுத்தப்பட்ட எனக்கே இது புரிகிறது. படித்தவர்களுக்குப் புரிய என்ன தடையோ.

ஆனால் ஒன்று. அங்கே இழுத்தது வைக்கோலை. இங்கே ஆளையே இழுக்கிறார்கள்.

4

இந்த ஊரில் எனக்கு முதல் பாடம் சொல்லிக்கொடுத்தது குடிநுழைவு அலுவலகத்துக் கண்ணாடிச் சன்னல். வருடா வருடம் விசா புதுப்பிக்கவேண்டும். எண் சீட்டு எடுத்து உட்கார்ந்தால், நம் எண் வரும்போது சன்னலில் ஆள் சாப்பிடப் போயிருப்பார். திரும்பி வந்தவர் ஒரு நகல் குறைகிறது என்பார். நகல் எடுத்து வந்தால் எண் போய்விட்டது என்பார்.

"நகையெல்லாம் போட்டுக்கிட்டுப் போங்க அண்ணி," என்று அப்போது பார்வதி சொல்லிக்கொடுத்தாள். "இந்தியாவுலேர்ந்து பொழைக்க வந்தவன்னு நெனைச்சிட்டா மதிக்க மாட்டான். ரெண்டு வளையலைக் கூடப் போடுங்க." தன் ஆரத்தையே இரவல் கொடுத்தாள். அதைப் போட்டுக்கொண்டு மாரியம்மன் மாதிரி போய் உட்கார்ந்தேன். சன்னல் ஆள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

நிரந்தர வாசத்துக்கான சிவப்பு அட்டை வாங்கி முடிப்பதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது. போன மாதம் அரசாங்க உதவித்தொகைக்குப் பெயர் பதிய இன்னொரு அலுவலகத்துக்குக் கிளம்பினோம். அதே பார்வதி ஓடி வந்தாள்.

"ஐயோ, என்ன அண்ணி இது! தோட்டைக் கழட்டுங்க. செருப்பு பழசா இல்லையா? கொஞ்சம் வாடின மாதிரி இருங்க லா. நல்லா இருக்கறதா நெனைச்சா தரமாட்டான்."

அவள் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. ஆரம் அலமாரிக்குள் துணிக்கு அடியில். இப்போது தாமானில் எல்லோரும் அப்படித்தான். இருக்கிறது என்று காட்டுவது போய், இல்லை என்று காட்டுவதில் போட்டி. ஒருத்தி எங்கள் வீட்டில் ரசம் மட்டும் என்றால் அடுத்தவள் நாங்கள் கஞ்சி என்கிறாள். பணத்தைக் காட்டிய காலத்தில்கூட இத்தனை பகட்டு இல்லை.

என் மகள் தரணி ஷா ஆலமில் கல்லூரியில் படிக்கிறாள். வாரக் கடைசியில் வருவாள். என்னோடு தமிழில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பாள். நடுவில் நான் இறங்கிக்கொள்ள வேண்டியதுதான். ஒருநாள் புதுச் சட்டை போட்டு வந்தாள். நெஞ்சில் ஆங்கிலத்தில் என்னமோ எழுதியிருந்தது.

"என்னடி எழுதியிருக்கு?"

"அதுவா மா? பணக்காரங்களைத் தின்னணும்னு."

"ஆடி மாசம் நாம முட்டையே தொடறதில்லை. நீ ஆளையே தின்னணும்கிறே?"

"மா, பிளீஸ் லா! அது ஸ்லோகன். சும்மா ஃபீலிங்."

"எவ்வளவு குடுத்தே இந்த ஃபீலிங்குக்கு?"

எண்பது வெள்ளி என்றாள், அதாவது ரிங்கிட். அவள் அப்பா மீன் லோரியில் ஒரு நாள் முழுக்கச் சுமந்தால் வருகிற காசு. மூன்று வருடத்துக்கு முன்னால் இவள்தான் தவுக்கேயின் காரில் சாய்ந்து நின்று படம் எடுத்து ஊர் முழுக்க அனுப்பியவள். அதை நினைவுபடுத்தினேன். காதில் செருகுவதைச் செருகிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள்.

5

திருவிழாவுக்கு இரண்டு நாளைக்கு முன்னால் தவுக்கேயின் மனைவி சரோஜா அக்கா எங்கள் பின்வாசல் பக்கமாக வந்தார். முன்வாசலில் வந்தால் பார்வதி பார்ப்பாள். பட்டுப் புடவையிலேயே நான் பார்த்துப் பழகிய மனுஷி, நைட்டிக்கு மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு வந்து என் சமையலறை முக்காலியில் உட்கார்ந்தார்.

"ஒங்க வீட்டுக்காரருதான ரதம் இழுக்குற டிராக்டரை ஓட்டுறாரு?"

"ஆமாக்கா. எல்லா வருஷமும் அவருதான்."

"மரியாதை வேணாம். மாலை வேணாம். வாசல்ல ஒரு நிமிஷம் நிறுத்துனாப் போதும். ரதம் வருதான்னு கையைக் காட்டிக் காட்டிக் கேக்குறாரு. வரும்னு சொல்லிட்டேன் நானு." சொல்லும்போதே அழுதுவிட்டார். "தூக்கிட்டு கோயிலுக்குப் போலாம்னா, அங்க என்ன பேசுவாங்கன்னு ஒனக்கே தெரியும். அடுத்த வருஷம் இருப்பாரோ என்னமோ."

நல்ல காலத்தில் இந்த அக்கா என்னைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. அதெல்லாம் ஞாபகம் வந்தது. வந்துவிட்டுப் போகட்டும் என்று காப்பி போட்டுக் கொடுத்தேன்.

ராத்திரிச் சாப்பாட்டில் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். கருவாட்டைத் தொடாத மாதம். வெறும் சாம்பாரைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"பெர்மிட்ல இல்லாத ரோட்டுல போனா தலைவரைப் போலீஸ் புடிக்க மாட்டான். என்னைத்தான் புடிப்பான்."

"அது சரி. போலீஸை விடுங்க. உங்களுக்கு மனசு எப்படி இருக்கு?"

"எம் மனசுக்கும் டிராக்டருக்கும் என்ன இருக்கு? சோத்தைப் போடு."

போட்டேன். நான் விளக்குக்கு முன்னால் போய் உட்கார்ந்து, தாயே நீ எந்த வழியில் போகவேண்டும் என்பதைக் கமிட்டி முடிவு செய்கிற காலம் வந்துவிட்டதே என்று அவளிடமே புலம்பினேன்.

6

திருவிழா அன்று சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் ரதம் புறப்பட்டது. முன்னால் மேளம், அதன் பின்னால் டிராக்டர், அதன் பின்னால் அம்மன். தலைவர் குணசேகரன் மஞ்சள் துண்டோடு டிராக்டருக்கு முன்னால் நடந்தார். நான் பெண்களோடு பக்கவாட்டில். எண்பது வெள்ளிச் சட்டையைக் கழற்றிவிட்டுப் பாவாடை தாவணியில் தரணியும் வந்தாள், கையில் போன் மட்டும் மாறவில்லை.

வழிக்காவலுக்கு வருகிற போலீஸ்காரர் வருடா வருடம் ஒரே ஆள்தான். மலாய்க்காரர், நம் வடை என்றால் உயிர். மோட்டார் சைக்கிளில் முன்னால் போய் ஒவ்வொரு சந்திப்பிலும் வண்டிகளை நிறுத்தி வைப்பார். கமிட்டி பெர்மிட்டில் பாதையை மாற்றியது. காகிதம் நிலையத்துக்குப் போனது. முத்திரை குத்தினார்கள். ஆனால் அந்த மனிதர் அதைப் படிக்கவில்லை. ஏன் படிக்கவேண்டும்? இத்தனை வருடமாகப் போகிற வழி அவருக்குத் தெரியாதா? நாங்கள் பெரிய ரோட்டில் வந்து சேரும்போது, அவர் மூன்றாவது லோரோங் முனையில் மோட்டார் சைக்கிளைக் குறுக்கே போட்டு, நேராகப் போகிற பக்கத்தை அடைத்து, லோரோங்குக்குள் கையைக் காட்டிக்கொண்டிருந்தார். "ஜாலான், ஜாலான்!" போ, போ என்று.

தலைவர் ஓடினார். "ஸ்ட்ரெய்ட்! ஸ்ட்ரெய்ட் போ செல்வம்!"

டிராக்டர் நின்றது. என் வீட்டுக்காரர் போலீஸ்காரரைப் பார்த்தார். தலைவரைப் பார்த்தார். பின்னால் திரும்பி அம்மனைப் பார்த்தார்.

"தலைவரே, போலீஸே வழி விடுறாரு. எதிர்த்துக்கிட்டு நான் நேராப் போவட்டுமா?"

"அவனுக்கு ஒண்ணும் தெரியாதுப்பா! பெர்மிட்ல..."

"அப்ப நீங்க போய் அவருக்கு வெளக்குங்க. நான் காத்திருக்கேன்."

தலைவருக்கு மலாயில் சண்டை போட வரும். கூட்டத்துக்கு முன்னால் அம்மன் ஒரு வீட்டுக்குப் போகக்கூடாது என்று மலாயில் எப்படிச் சொல்வது என்று வரவில்லை. டிராக்டர் திரும்பிவிட்டது.

பின்னால் முணுமுணுப்பு. "காசு வாங்கியிருப்பான்," என்றது ஒரு குரல். என் வீட்டுக்காரர் காதில் விழுந்திருக்கும். அவர் திரும்பவில்லை.

வாசலில் பந்தல் இல்லை, தோரணம் இல்லை. ஒரு சக்கர நாற்காலி. அதில் தவுக்கே. வெள்ளை வேட்டி, கழுத்து எலும்பு தெரிகிற உடம்பு. ரதம் வந்து நின்றதும் அவர் கண்ணில் தண்ணீர் கொட்டியது. இடது கையை நெற்றிக்கு மேல் தூக்கினார்.

"பாருங்க, பாருங்க," என்றாள் என் பக்கத்தில் பார்வதி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி. "பீச்சாங்கையால அம்மாவைக் கும்புடுறாரு. இன்னும் திமிரு போவல பாரு!"

நான்கைந்து பேர் 'ஆமாம்' போட்டார்கள். ஒருவன் உச்சுக் கொட்டினான்.

சரோஜா அக்கா குனிந்தார். புருஷனின் மடியில் கிடந்த வலது கையைத் தூக்கினார். அது செத்த கோழிக் கழுத்து மாதிரி மணிக்கட்டில் தொங்கியது. விரல்களை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, இடது கையோடு சேர்த்து, இரண்டையும் தன் இரண்டு கைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டு, அவர் நெற்றிக்கு மேல் உயர்த்தினார். அப்படியே நின்றார்.

மேளக்காரர்கள் தாமாக நிறுத்திவிட்டார்கள். தரணி போனை இறக்கினாள். குருக்கள் கீழே இறங்கி, யாரையும் கேட்காமல் தீபாராதனைத் தட்டை நாற்காலிவரை கொண்டுபோனார். நான் பார்வதியைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். சரி, இன்றைக்காவது இந்தக் கூட்டத்துக்கு வெட்கம் வந்ததே தாயே என்று நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அந்த நேரத்தில் பின்னாலிருந்து ஒரு ஆண் குரல், நிஜமான கவலையோடு கேட்டது:

"ஏன்ணே, இந்த வருஷம் சாப்பாடு கெடையாதா?"

அப்புறம் ஒரு விநோதமான சத்தம் கேட்டது. நாற்காலியிலிருந்து. தவுக்கே சிரித்துக்கொண்டிருந்தார். பாதி வாய் மட்டும் இழுத்துக்கொண்டு, மூச்சு இரைத்து, கண்ணில் தண்ணீரோடு சிரித்தார். டிராக்டர் மேல் என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார், தோள் குலுங்கியது. கல்யாணத்துக்குப் போய்ப் பட்டினியாக வந்தவர்.

"மோர் இருக்கு," என்றார் சரோஜா அக்கா, புருஷன் கையை விடாமலேயே. "உள்ள அண்டாவுல இருக்கு. எடுத்து ஊத்த ஆள் இல்ல."

நான் போய் எடுத்து வந்து ஊற்றினேன். வரிசை உடனே சேர்ந்துவிட்டது. பார்வதி இரண்டு டம்ளர் குடித்தாள். இரண்டாவதற்கு டம்ளரை நீட்டும்போது, "உப்பு கொஞ்சம் கம்மி அண்ணி" என்றாள்.